'ரீஜெனரேடிவ் காட்டன்' என்றால் என்ன? சட்டை டேக்கில் இருக்கும் இந்த வார்த்தையை நம்பலாமா? - முழு விளக்கம்

டி-ஷர்ட் வாங்க ஷாப்பிங் ஆப்பைத் திறக்கிறீர்கள். ஒரே நிறம், ஒரே சைஸில் இரண்டு சட்டைகள். ஒன்று 399 ரூபாய், இன்னொன்று 1,499 ரூபாய். விலை அதிகமான சட்டைக்குக் கீழே 'ரீஜெனரேடிவ் காட்டன்' என்று பச்சை எழுத்தில் போட்டிருக்கிறது. மண்ணைக் காப்பாற்றும் பருத்தி, பூமிக்கு நல்லது என்று பக்கத்திலேயே இரண்டு வரி விளக்கமும் இருக்கிறது.

இது உண்மையா, இல்லை வெறும் விளம்பரமா? அந்தக் கூடுதல் பணம் பருத்தி விளைவித்த விவசாயிக்குப் போய்ச் சேருமா? நம்ம ஈரோட்டுக்கும் திருப்பூருக்கும் இதில் என்ன பங்கு? வாங்க, ஒவ்வொன்றாகப் பார்க்கலாம்.

ரீஜெனரேடிவ் என்றால் என்ன?

தமிழில் 'மீளுருவாக்க வேளாண்மை' என்று சொல்கிறார்கள். மண்ணில் இருந்து எடுப்பதைவிட மண்ணுக்குத் திருப்பிக் கொடுப்பது அதிகமாக இருக்க வேண்டும் என்பதுதான் இதன் அடிப்படை. அமெரிக்காவின் பென்சில்வேனியாவில் இருக்கும் ரோடேல் நிறுவனத்தின் ராபர்ட் ரோடேல் 1980களில் இந்தச் சொல்லைப் பரவலாக்கினார். மண் இப்போது இருக்கும் நிலையிலேயே நீடித்தால் போதாது, கெட்டுப்போன மண் மறுபடியும் உயிர் பெற வேண்டும் என்பது அவருடைய வாதம்.

இதில் பொதுவாக 5 விஷயங்களைச் சொல்வார்கள்.

1. உழவைக் குறைப்பது. அடிக்கடி ஆழமாக உழுதால் மண்ணில் இருக்கும் கரிமச் சத்து வேகமாகச் சிதைந்து, கரியமில வாயுவாக வெளியேறிவிடும்.

2. மண்ணை வெயிலில் வெறுமனே விடாமல் மூடி வைப்பது. இலை தழை, பயிர்க்கழிவு எதுவானாலும் சரி.

3. ஒரே பயிரையே போடாமல் பல பயிர்களைக் கலந்து போடுவது.

4. முடிந்தவரை வருடம் முழுக்க மண்ணுக்குள் ஏதாவது ஒரு உயிருள்ள வேர் இருக்கும்படி பார்த்துக்கொள்வது.

5. ஆடு மாடுகளை வயலோடு சேர்ப்பது.

இதைப் படிக்கும்போதே, இது நம்ம தாத்தா செய்ததுதானே என்று தோன்றலாம். பெருமளவு அதுதான். அறுவடை முடிந்த காட்டில் ஆட்டுக்கிடை போடுவது, பருத்திக்கு நடுவில் உளுந்து விதைப்பது, வரப்போரம் ஆமணக்கு ஊன்றுவது, தக்கைப்பூண்டு, சணப்பை போட்டு மடக்கி உழுவது எல்லாமே தமிழ்நாட்டில் காலங்காலமாக இருக்கும் பழக்கங்கள். புதிதாக வந்திருப்பது, இதை அளந்து, சான்றிதழ் கொடுத்து, அதற்குத் தனி விலை பேசும் முறை.

ஆர்கானிக் பருத்தியும் இதுவும் ஒன்றா?

இல்லை. இங்கேதான் பலருக்கும் குழப்பம் வருகிறது.

ஆர்கானிக் என்பது எதைச் செய்யக் கூடாது என்ற கணக்கு. ரசாயன உரம் கூடாது, ரசாயனப் பூச்சிக்கொல்லி கூடாது, மரபணு மாற்றப்பட்ட விதை கூடாது. இந்தியாவில் இதற்கு மத்திய அரசின் 'என்பிஓபி' என்ற தேசியத் திட்டமும், அதற்கான தர விதிகளும் இருக்கின்றன.

ரீஜெனரேடிவ் என்பது என்ன பலன் கிடைத்தது என்ற கணக்கு. மண்ணில் கரிமச் சத்து கூடியதா, தண்ணீர் பிடிப்பு கூடியதா, பூச்சி, பறவை, மண்புழு திரும்பி வந்ததா என்று பார்க்கும். ஆனால் இந்தச் சொல்லுக்கு ஆர்கானிக்குக்கு இருப்பது போன்ற சட்ட வரையறை இந்தியாவில் இல்லை. ரசாயனத்தைக் குறைத்துவிட்டு, ஆனால் முழுக்க நிறுத்தாத வயலின் பருத்தியையும் ஒரு கம்பெனி 'ரீஜெனரேடிவ்' என்று சொல்லிவிட முடியும்.

அதனால் இரண்டு விஷயங்களை மனதில் வைத்துக்கொள்ளலாம். ஆர்கானிக்காக இருந்தும் மண்ணைப் பெரிதாக மேம்படுத்தாத வயல் இருக்கலாம். ரீஜெனரேடிவ் என்ற பெயர் இருந்தும் ரசாயனம் பயன்படுத்தும் வயல் இருக்கலாம். டேக்கில் இருக்கும் வார்த்தையைவிட அதற்குப் பின்னால் இருக்கும் விதிமுறைதான் முக்கியம்.

பருத்திக்கு ஏன் இவ்வளவு பேச்சு?

உலகின் விளைநிலத்தில் பருத்தி பிடிக்கும் பங்கு 2 முதல் 3 சதவீதம்தான். ஆனால் நாம் உடுத்தும் துணியில் பாலியஸ்டருக்கு அடுத்த இடம் அதற்குத்தான். உலகிலேயே அதிகப் பரப்பில் பருத்தி போடும் நாடு இந்தியா. அதில் சுமார் மூன்றில் இரண்டு பங்கு மானாவாரி, அதாவது மழையை மட்டுமே நம்பி நடக்கும் சாகுபடி.

2002ல் பி.டி. பருத்திக்கு இந்தியாவில் அனுமதி கிடைத்தது. காய்ப்புழுவைத் தானே எதிர்க்கும்படி மரபணு மாற்றப்பட்ட பருத்தி இது. தொடக்கத்தில் மருந்துச் செலவு குறைந்தது, விளைச்சலும் ஏறியது. இன்று நாட்டின் பருத்திப் பரப்பில் 90 சதவீதத்துக்கும் மேல் இந்த வகைதான். ஆனால் 2010ஆம் ஆண்டு வாக்கிலேயே குஜராத்தில் இளஞ்சிவப்பு காய்ப்புழு அதற்குத் தாக்குப்பிடிக்கத் தொடங்கியது தெரியவந்தது. பின்னர் அது மற்ற மாநிலங்களுக்கும் பரவியது. மருந்துச் செலவு மறுபடியும் ஏறியது. பெரும்பாலும் ஹைபிரிட் விதை என்பதால் ஒவ்வொரு பருவமும் புதிதாக விதை வாங்க வேண்டும்.

இன்னொரு பக்கம் மண். மண் பரிசோதனையில் கரிமச் சத்து 0.5 சதவீதத்துக்குக் கீழே இருந்தால் 'குறைவு' என்று அட்டையில் போடுவார்கள். கரிமச் சத்து குறைந்த மண் மழைத் தண்ணீரைப் பிடித்து வைக்காது. மானாவாரி விவசாயிக்கு இதுதான் பெரிய அடி. 20 நாள் மழை தள்ளிப்போனால் செடி வாடி, பூவும் பிஞ்சும் கொட்டிவிடும். கரிமச் சத்து கூடினால் அதே மண்ணில் ஈரம் இன்னும் சில நாள் நிற்கும். அந்தச் சில நாள்தான் சில வருடங்களில் லாபத்தையும் நஷ்டத்தையும் முடிவு செய்கிறது.

இணையத்தில் சுற்றும் எண்கள் - உஷார்

பருத்தி பற்றிப் பேசும்போது, 'உலகின் பூச்சிக்கொல்லியில் 25 சதவீதம் பருத்திக்கே போகிறது' என்ற வரியைப் பல இடங்களில் பார்த்திருப்பீர்கள். இது பழைய கணக்கு. டிரான்ஸ்ஃபார்மர்ஸ் ஃபவுண்டேஷன் என்ற ஜீன்ஸ் துறை அமைப்பு 2021ல் வெளியிட்ட அறிக்கை இதுபோன்ற எண்களைத் தேடிப் பார்த்தது. 2019 விற்பனைக் கணக்குப்படி பருத்தியின் பங்கு மொத்தப் பயிர் மருந்துகளில் 4.7 சதவீதம், பூச்சிக்கொல்லியில் மட்டும் பார்த்தால் 10 சதவீதம் என்று அது சொன்னது.

நிலப்பரப்பு 2 முதல் 3 சதவீதம்தான் என்பதால் 10 சதவீதமும் அதிகம்தான். பிரச்சினை இருப்பது உண்மை. ஆனால் ஒரு பிராண்ட் தன் பருத்தியை உயர்த்திக் காட்ட, பழைய எண்ணைப் போட்டு மற்ற விவசாயிகளை வில்லனாக்கினால் அந்த விளம்பரத்தைக் கொஞ்சம் சந்தேகத்தோடு பார்ப்பது நல்லது.

அதேபோல 'ஒரு டி-ஷர்ட்டுக்கு இத்தனை ஆயிரம் லிட்டர் தண்ணீர்' என்ற கணக்கும். மானாவாரிக் கரிசல் காட்டுப் பருத்தியையும், ஆற்றைத் திருப்பி விட்டுப் பாய்ச்சும் பருத்தியையும் ஒரே சராசரியில் போட்டால் அதற்கு அர்த்தமே இல்லை.

வயலில் என்னதான் மாறுகிறது?

பூச்சி மேலாண்மையில் இருந்து தொடங்கலாம். பருத்தியை மட்டும் தனியாகப் போடாமல், வரப்பைச் சுற்றி ஆமணக்கு, நடுநடுவே செண்டுமல்லி, வெண்டை என்று பொறிப்பயிர்கள் போடுகிறார்கள். புரோடீனியா புழுவின் தாய்ப்பூச்சி ஆமணக்கு இலையைத் தேடிப் போகும். பச்சைக் காய்ப்புழுவின் தாய்ப்பூச்சி செண்டுமல்லிப் பூவைத் தேடிப் போகும். அங்கேயே முட்டைகளைக் கிள்ளி எடுத்துவிடலாம். தட்டைப்பயறு இருந்தால் பொறிவண்டு வரும், அது அசுவினியைத் தின்னும். இனக்கவர்ச்சிப் பொறி, மஞ்சள் ஒட்டுப்பொறி வைத்து, பூச்சி எவ்வளவு வந்திருக்கிறது என்று பார்த்த பிறகே அடுத்த முடிவு.

உரத்துக்கு உளுந்து, தட்டைப்பயறு போன்ற ஊடுபயிர்கள் காற்றில் இருக்கும் தழைச்சத்தை மண்ணில் சேர்க்கும். பருத்தி விலை சரிந்தாலும் உளுந்தில் கொஞ்சம் காசு வரும் என்பது இதில் கூடுதல் லாபம். ஜீவாமிர்தம், பஞ்சகவ்யம், தொழுவுரம், ஆட்டுக்கிடை எல்லாம் இதோடு சேரும்.

அறுவடைக்குப் பிறகு பருத்திமாரைக் கொளுத்தாமல், பொடியாக்கி மண்ணிலேயே சேர்ப்பது இன்னொரு மாற்றம். இதில் ஒரு எச்சரிக்கை உண்டு. வெடிக்காத காய்களோடு மாரை அப்படியே வரப்பில் குவித்து வைத்தால், இளஞ்சிவப்பு காய்ப்புழு அதற்குள் தங்கி அடுத்த பருவத்துக்கு வந்துவிடும். அதனால் கடைசிப் பறிப்பு முடிந்ததுமே பொடியாக்கிவிட வேண்டும்.

களை எடுப்பதிலும் ஒரு சிக்கல் இருக்கிறது. உழவையும் குறைக்க வேண்டும், களைக்கொல்லியும் கூடாது என்றால் களை எடுப்பது கையால்தான். அந்த வேலையும், பருத்தி எடுப்பும் பெரும்பாலும் பெண்கள் செய்வது. ஆக, 'மண்ணுக்கு நல்லது' என்ற முறையில் அவர்களின் கூலியும் சேர்ந்து கணக்கில் வராவிட்டால் செலவு மொத்தமும் அவர்களின் முதுகில்தான் ஏறும். சான்றிதழ் விதிகளில் 'சமூக நியாயம்' என்று தனியாக ஒரு பகுதி வைப்பதற்குக் காரணம் இதுதான்.

விளைச்சல் குறையுமா?

விவசாயிகள் கேட்கும் முதல் கேள்வி இதுதான். நேர்மையான பதில்: தொடக்கத்தில் குறைய வாய்ப்பு அதிகம்.

மத்தியப் பிரதேசத்தில் 2007ல் இருந்து ஒரு நீண்ட காலப் பரிசோதனை நடந்துவருகிறது. சுவிட்சர்லாந்தின் 'ஃபிபிள்' ஆய்வு நிறுவனம், உள்ளூர் அமைப்போடு சேர்ந்து இயற்கை முறையையும் வழக்கமான முறையையும் அருகருகே வைத்து ஒப்பிட்டது. முதல் சுற்றில், அதாவது 2007-08ல், இயற்கை முறைப் பருத்தியின் விளைச்சல் 29 சதவீதம் குறைந்தது. 2009-10ல் நடந்த இரண்டாவது சுற்றில் விளைச்சல் கிட்டத்தட்ட சமமானது. ஆனால் அதற்குக் காரணம் வழக்கமான முறையில் விளைச்சல் குறைந்தது என்பதையும் அந்த ஆய்வே சொல்கிறது.

வருமானக் கணக்கைப் பாருங்கள். பருத்தி, சோயா, கோதுமை மூன்றையும் சேர்த்துப் பார்த்தபோது முதல் சுற்றில் வழக்கமான முறைக்கு 29 சதவீதம் கூடுதல் லாபம். இரண்டாவது சுற்றில் இயற்கை முறைக்கு 25 சதவீதம் கூடுதல் லாபம். செலவு குறைந்ததே முக்கியக் காரணம்.

இது இயற்கை முறை பற்றிய ஆய்வு. ரீஜெனரேடிவ் முறைக்கு அப்படியே பொருந்தும் என்று சொல்ல முடியாது. ஆனால் பாடம் ஒன்றுதான். முதல் இரண்டு மூன்று வருடங்களை யார் தாங்குவது? 3 ஏக்கர் வைத்திருக்கும் ஒருவர், நகையை அடகு வைத்துப் பருத்தி போட்டிருக்கிறார். அவரிடம் போய் 'மூன்றாவது வருடம் சரியாகிவிடும்' என்று சொல்வது சுலபம். அந்த இரண்டு வருட வட்டியை யார் கட்டுவது? ரீஜெனரேடிவ் பருத்தி பற்றிய பேச்சில் உண்மையான சோதனை இந்தக் கேள்விதான்.

ஈரோட்டில் நடந்தது என்ன?

இந்தக் கேள்விக்கு ஒரு பதில் ஈரோட்டில் இருந்தே கிடைத்தது. ஈரோட்டைச் சேர்ந்த நிஷாந்த் சோப்ரா தொடங்கிய 'ஒஷாடி' என்ற நிறுவனம், லாஸ் ஏஞ்சல்ஸைச் சேர்ந்த 'கிறிஸ்டி டான்' என்ற பெண்கள் உடை பிராண்டோடு சேர்ந்து, சில ஏக்கரில் ரீஜெனரேடிவ் பருத்தி சாகுபடியைத் தொடங்கியது. விதைப்பது முதல் நூற்பு, நெசவு, சாயம், தையல் வரை முடிந்தவரை சுற்றுவட்டாரத்திலேயே நடக்க வேண்டும் என்பது திட்டம். பின்னர் பரப்பும் கூடியது.

2021ல் கிறிஸ்டி டான் ஒரு வித்தியாசமான விஷயத்தைச் செய்தது. வாடிக்கையாளர்கள் 200 டாலர் கட்டி, ஈரோட்டு வயலில் ஒரு சிறு துண்டு நிலத்தின் சாகுபடிச் செலவை ஏற்கலாம் என்று அறிவித்தது. அறுவடை முடிந்ததும் அந்த விளைச்சலைப் பொறுத்து, கடையில் துணி வாங்கிக்கொள்ள கிரெடிட் கிடைக்கும். விளைச்சல் நன்றாக இருந்தால் கிரெடிட் கூடும், மோசமானால் குறையும்.

இதில் கவனிக்க வேண்டியது டாலர் தொகை இல்லை. வழக்கமாக மழை ஏமாற்றினால் நஷ்டம் முழுக்க விவசாயிக்குத்தான். பிராண்ட் வேறு ஊரில் இருந்து வாங்கிக்கொள்ளும், வாடிக்கையாளருக்கு விஷயமே தெரியாது. இந்த முறையில் துணி உடுத்துபவரும் மழையின் ரிஸ்கில் ஒரு பங்கை எடுத்துக்கொள்கிறார். எல்லா பிராண்டும் இதை அப்படியே செய்ய முடியாது. ஆனால் நஷ்டத்தையும் பங்கு போடலாம் என்பதற்கு இது ஒரு உதாரணம்.

பெரிய நிறுவனங்களும் இறங்கியிருக்கின்றன. அமெரிக்காவின் படகோனியா 2018ல் இந்தியாவில் 150க்கும் மேற்பட்ட பருத்தி விவசாயிகளோடு சோதனை முயற்சியைத் தொடங்கியது. குச்சி பிராண்டின் தாய் நிறுவனமான கெரிங், 2021ல் கன்சர்வேஷன் இன்டர்நேஷனல் அமைப்போடு சேர்ந்து இதற்காக ஒரு நிதியை அறிவித்தது. இத்தாலியின் புலியா பகுதியில் 2023ல் அர்மானி குழுமம், மரங்களுக்கு இடையே பருத்தி வளர்க்கும் திட்டத்தில் சேர்ந்தது.

பருத்தி எங்கே கலந்துபோகிறது?

வயலில் எல்லாம் சரியாகவே நடந்தது என்று வைத்துக்கொள்வோம். அந்தப் பருத்திதான் உங்கள் சட்டையில் இருக்கிறது என்பதற்கு என்ன உத்தரவாதம்?

பருத்தி போகும் வழியைப் பார்த்தால் புரியும். விவசாயி எடுத்த பருத்தி, ஒழுங்குமுறை விற்பனைக் கூடத்தின் ஏலத்துக்கோ, ஊருக்கே வரும் வியாபாரியிடமோ போகிறது. அங்கிருந்து ஜின்னிங் ஃபேக்டரி. அங்கே கொட்டை தனி, பஞ்சு தனி. பஞ்சு பேலாகக் கட்டப்படும். இந்தியாவில் ஒரு பேல் 170 கிலோ. அதன்பின் ஸ்பின்னிங் மில், நிட்டிங் அல்லது தறி, சாயம், கட்டிங், தையல். கடைக்கு வருவதற்குள் ஏழெட்டுக் கைகள் மாறிவிடும்.

பெரும்பாலும் கலப்பு நடப்பது ஜின்னிங்குக்கு முன்னும் ஜின்னிங்கிலும்தான். வியாபாரியின் குடோனில் ஐம்பது பேரின் பருத்தி ஒரே குவியலாகக் கிடக்கும். 170 கிலோ பஞ்சுக்குச் சுமார் 500 கிலோ பருத்தி வேண்டும். சிறு விவசாயி ஒருவரின் ஒரு பறிப்பு பெரும்பாலும் அவ்வளவு வராது. அதனால் தனியாக வைக்க வேண்டும் என்றால், ஒரு குழுவாகச் சேர்ந்து, தனி குடோன், தனி நாள் ஜின்னிங் என்று முன்கூட்டியே ஏற்பாடு செய்ய வேண்டும்.

ஆக, ஒரு பிராண்ட் பருத்தி வாங்குவதில் மூன்று வழிகள் இருக்கின்றன.

முதலாவது, நேரடி ஒப்பந்தம். உழவர் உற்பத்தியாளர் நிறுவனம் போன்ற குழுவோடு, விதைப்பதற்கு முன்பே அளவும் விலையும் பேசி முடிப்பது. விவசாயிக்குப் பாதுகாப்பு அதிகம், கலப்பும் குறைவு.

இரண்டாவது, சான்றிதழோடு சந்தையில் வாங்குவது. ஒவ்வொரு கை மாறும்போதும் பரிவர்த்தனைச் சான்றிதழ் கூடவே வரும்.

மூன்றாவது, 'மாஸ் பேலன்ஸ்' முறை. ஒரு கம்பெனி 100 டன் நல்ல முறைப் பருத்திக்குக் காசு கொடுத்தால், 100 டன் அளவுக்குப் பெயர் போட்டுக்கொள்ளலாம். ஆனால் உங்கள் சட்டையில் அதே பஞ்சு இருக்கும் என்று அர்த்தம் இல்லை. பெட்டர் காட்டன் திட்டம் நீண்ட காலம் இந்த முறையில்தான் இயங்கியது. 2023 இறுதியில் எந்த நாட்டுப் பருத்தி என்று தடம் பார்க்கும் வசதியையும் கொண்டுவந்தது.

மூன்றாவது முறை ஏமாற்று வேலை இல்லை. விவசாயிக்குப் பலன் போகும். ஆனால் அதை வாங்கிவிட்டு 'இந்தச் சட்டை முழுக்க அந்த வயலில் இருந்து வந்தது' என்று சொன்னால் அது பொய்.

எந்தச் சான்றிதழுக்கு என்ன அர்த்தம்?

ரீஜெனரேடிவ் ஆர்கானிக் சர்ட்டிஃபைடு: ரோடேல் நிறுவனம், படகோனியா, டாக்டர் பிரானர்ஸ் ஆகியவை சேர்ந்து 2017ல் தொடங்கிய கூட்டமைப்பு இதை நடத்துகிறது. ஆர்கானிக் சான்றிதழ் இருந்தால்தான் இதற்கு விண்ணப்பிக்கவே முடியும். அதற்கு மேல் மண் வளம், கால்நடை நலம், விவசாயி மற்றும் தொழிலாளர் நியாயம் என்று மூன்று பகுதிகளைப் பார்ப்பார்கள். வெண்கலம், வெள்ளி, தங்கம் என்று நிலைகள் உண்டு. இருப்பதில் கடுமையானது இது.

ரீஜென்அக்ரி: கன்ட்ரோல் யூனியன் என்ற சான்றளிப்பு நிறுவனத்தோடு தொடர்புடைய திட்டம். படிப்படியான முன்னேற்றத்தை அளக்கும். ஆர்கானிக் கட்டாயம் இல்லை.

காட்ஸ்: உலகளாவிய ஆர்கானிக் ஜவுளித் தரம். ஜின்னிங்கில் இருந்து தையல் வரை, சாயம், கழிவுநீர், தொழிலாளர் உரிமை எல்லாவற்றையும் பார்க்கும். 'ஆர்கானிக்' என்று போட 95 சதவீதம் ஆர்கானிக் இழை வேண்டும். 70 சதவீதம் இருந்தால் 'ஆர்கானிக் இழை கொண்டு தயாரிக்கப்பட்டது' என்று போடலாம். இது ரீஜெனரேடிவ் சான்றிதழ் கிடையாது.

சான்றிதழ் இருந்தால் போதுமா? 2020 அக்டோபரில் காட்ஸ் அமைப்பே ஒரு அதிர்ச்சித் தகவலை வெளியிட்டது. இந்தியாவில் 20,000 டன் பருத்தி, போலி ஆவணங்கள் மூலம் ஆர்கானிக் என்று விற்கப்பட்டதைக் கண்டுபிடித்ததாகச் சொன்னது. சம்பந்தப்பட்ட நிறுவனங்கள் மீது தடையும் விதித்தது. ஆக, காகிதம் மட்டும் பருத்தியைக் காப்பாற்றாது. வயலை நேரில் தெரிந்து வைத்திருக்கும் பிராண்டுக்குத்தான் மதிப்பு அதிகம்.

தமிழ்நாட்டுக்கு இதில் என்ன இருக்கிறது?

இந்தியாவின் பின்னலாடை ஏற்றுமதியில் பாதிக்கும் மேல் திருப்பூரில் இருந்து போகிறது. நாட்டின் நூற்பாலைகளில் கிட்டத்தட்ட பாதி தமிழ்நாட்டில்தான் இருக்கின்றன. ஆனால் அந்த ஆலைகளுக்குத் தேவையான பஞ்சில் பத்தில் ஒரு பங்குகூட இங்கே விளைவதில்லை. மீதியெல்லாம் குஜராத், மகாராஷ்டிரா, தெலங்கானா போன்ற மாநிலங்களில் இருந்தும் வெளிநாடுகளில் இருந்தும் வருகிறது.

அதனால் வெளிநாட்டு பையர் 'இந்தப் பருத்தி எந்த வயலில் விளைந்தது?' என்று கேட்டால், திருப்பூர் ஏற்றுமதியாளருக்குப் பதில் சொல்வது கஷ்டம். இந்தக் கேள்வி இனி குறையப் போவதில்லை.

இங்கே இருக்கும் ஒரு வாய்ப்பு கருங்கண்ணி. தென்மாவட்டக் கரிசல் மண்ணுக்கே உரிய நாட்டுப் பருத்தி இது. வறட்சியைத் தாங்கும், மானாவாரியில் வரும், பூச்சிக்கும் ஓரளவு ஈடுகொடுக்கும். விதையை விவசாயியே எடுத்து வைத்துக்கொள்ளலாம். 1901ல் தொடங்கப்பட்ட கோவில்பட்டி வேளாண் ஆராய்ச்சி நிலையம், கே.11 போன்ற கருங்கண்ணி ரகங்களை வெளியிட்டிருக்கிறது. சென்னையைச் சேர்ந்த 'துலா' அமைப்பு, மானாவாரி நாட்டுப் பருத்தியைக் கையால் நூற்று, கைத்தறியில் நெய்து, இயற்கைச் சாயமிட்டு விற்கிறது.

சிக்கல் என்னவென்றால், கருங்கண்ணியின் இழை குட்டை. நீள இழைக்காக வடிவமைத்த இன்றைய மில் இயந்திரங்களில் மெல்லிய நூலாக ஓட்டுவது சிரமம். திருப்பூர் பனியன் துணிக்கு அது நேரடியாகப் பொருந்தாது. கைத்தறி, கொஞ்சம் கனமான துணி, வீட்டு உபயோகத் துணிகளுக்குப் பொருந்தும். ஒரே பருத்தி எல்லாத் துணிக்கும் சரியாக வராது என்பதை பிராண்டும் வாடிக்கையாளரும் ஏற்றுக்கொள்ள வேண்டியிருக்கும்.

ஒரு டி-ஷர்ட்டில் விவசாயிக்கு எவ்வளவு?

இப்போது தோராயமாக ஒரு கணக்குப் போடலாம். ஒரு டி-ஷர்ட் சுமார் 150 கிராம். நூற்பிலும் கட்டிங்கிலும் போகும் கழிவைச் சேர்த்தால் 240 கிராம் பஞ்சு தேவை என்று வைத்துக்கொள்வோம். பருத்தியில் மூன்றில் ஒரு பங்குதான் பஞ்சு, மீதி கொட்டை. அப்படியென்றால் ஒரு சட்டைக்கு ஏறக்குறைய 700 கிராம் பருத்தி.

2025-26 பருவத்தில் நீள இழைப் பருத்திக்கு மத்திய அரசு அறிவித்த குறைந்தபட்ச ஆதரவு விலை குவிண்டாலுக்கு 8,110 ரூபாய். கிலோ 81 ரூபாய். 700 கிராமுக்கு 57 ரூபாய் வருகிறது.

விவசாயிக்கு 10 சதவீதம் கூடுதல் விலை கொடுத்தால், ஒரு சட்டைக்கு ஏறும் செலவு 6 ரூபாய்கூட இல்லை. 20 சதவீதம் கொடுத்தாலும் 12 ரூபாய்க்குள்தான். தனி குடோன், சான்றிதழ், சோதனைச் செலவு, சிறிய அளவில் தயாரிப்பதால் ஏறும் செலவு எல்லாம் இதற்கு மேல் இருக்கிறது. அது உண்மை. ஆனால் 399 ரூபாய்ச் சட்டைக்கும் 1,499 ரூபாய்ச் சட்டைக்கும் இருக்கும் 1,100 ரூபாய் வித்தியாசத்தை விவசாயிக்குக் கொடுத்த விலையால் விளக்க முடியாது.

பருத்தி நல்லது என்றால் சட்டையும் நல்லதா?

அப்படிச் சொல்ல முடியாது. பருத்தி வயலைத் தாண்டியதும் சாயப்பட்டறை இருக்கிறது. நொய்யல் ஆற்றுக்கு என்ன ஆனது என்பது திருப்பூர்க்காரர்களுக்குத் தெரியும். 2011ல் சென்னை உயர் நீதிமன்றம் சாயப்பட்டறைகளை மூட உத்தரவிட்ட பிறகுதான், கழிவுநீரை ஒரு சொட்டும் வெளியேற்றாத சுத்திகரிப்பு முறை அங்கே கட்டாயமாக நடைமுறைக்கு வந்தது. மண்ணைக் காப்பாற்றிய பருத்தியை ஆற்றைக் கெடுத்துச் சாயம் போட்டால் பலன் இல்லை.

இன்னொன்று, மண்ணில் சேரும் கார்பன். மண் எவ்வளவு வேண்டுமானாலும் கார்பனைச் சேர்த்துக்கொண்டே போகாது, ஒரு கட்டத்தில் நின்றுவிடும். மறுபடி ஆழ உழுதால் சேர்ந்ததும் வெளியேறிவிடும். 'இந்தச் சட்டை கார்பனை உறிஞ்சும்' என்ற மாதிரி விளம்பரம் வந்தால், எத்தனை வருட மண் பரிசோதனை, எந்த ஆழத்தில் எடுத்தது என்று கேட்கலாம்.

வாங்கும்போது என்ன கேட்கலாம்?

* டேக்கில் வெறும் 'ரீஜெனரேடிவ்' என்று மட்டும் இருக்கிறதா, சான்றிதழ் பெயரும் எண்ணும் இருக்கிறதா? எண் இருந்தால் அந்த அமைப்பின் இணையதளத்தில் தேடிப் பார்க்கலாம்.

* சட்டையில் எத்தனை சதவீதம் அந்தப் பருத்தி? 20 சதவீதம் கலந்துவிட்டு முன்பக்கம் பெரிதாகப் போடுபவர்களும் உண்டு.

* எந்த மாநிலம், எந்த மாவட்டம், எந்த விவசாயிகள் குழு என்று சொல்கிறார்களா?

* விவசாயிக்குச் சந்தை விலையைவிட எவ்வளவு கூடுதல்? மாறும் காலத்தில் விளைச்சல் குறைந்தால் ஈடு உண்டா?

* சாயம், தையல் எங்கே நடந்தது?

இந்த ஐந்தில் இரண்டுக்குக்கூட பதில் இல்லை என்றால், கூடுதல் விலை கொடுக்கும் முன் யோசிக்கலாம்.

சுற்றுச்சூழல் பெயரில் தவறான விளம்பரம் செய்வதைத் தடுக்க மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் 2024 அக்டோபரில் வழிகாட்டு விதிகளை வெளியிட்டது. ஆதாரம் இல்லாமல் பொதுவான பசுமைச் சொற்களைப் பயன்படுத்தக் கூடாது என்கிறது அது. ஏமாற்றப்பட்டதாக நினைத்தால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915ல் புகார் செய்யலாம்.

கூடுதல் விலை கொடுக்க வசதி இல்லையே என்று நினைப்பவர்கள் குற்ற உணர்ச்சி அடையத் தேவையில்லை. ஏற்கனவே வீட்டில் இருக்கும் சட்டையை இன்னும் இரண்டு வருடம் உடுத்தினால், அந்த அளவுக்குப் புதிய சட்டைக்கான பருத்தியும் தண்ணீரும் சாயமும் மிச்சம். காசு செலவில்லாத வழி அது.

சுருக்கமாகச் சொன்னால், ரீஜெனரேடிவ் பருத்தி என்பது பொய்யும் இல்லை, மந்திரமும் இல்லை. மண்ணைத் திருத்தும் முறைகள் உண்மை, அதற்குப் பிடிக்கும் காலமும் உண்மை. அந்தக் காலத்தில் விவசாயியோடு கூட நிற்கும் பிராண்ட் எது, பெயரை மட்டும் எடுத்துக்கொள்ளும் பிராண்ட் எது என்பதைத்தான் நாம் பார்க்க வேண்டும். அடுத்த முறை அந்தப் பச்சை எழுத்து கண்ணில் பட்டால், 'எந்த ஊர்ப் பருத்தி?' என்று ஒரு கேள்வியாவது கேட்டுப் பாருங்கள்.